நகர்பேசிச் செயலிகளுக்கான நடத்தைவழிச் சோதனை

நடத்தைவழிச் சோதனை என்பது, ஒரு மென்பொருள் எந்தச் சூழ்நிலையில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இயல்பான மொழியில் எடுத்துக்காட்டுகளாக எழுதி, அவ்வெடுத்துக்காட்டுகளையே கணினி தானாக இயக்கிப் பார்க்கும் சோதனைகளாகவும் பயன்படுத்தும் முறை ஆகும். இது நடத்தைவழி உருவாக்கம் எனப்படும் மென்பொருள் உருவாக்க முறையின் ஒரு கூறு. ஆங்கிலத்தில் அம்முறை பிஹேவியர் டிரிவன் டெவலப்மென்ட் என்றும், சுருக்கமாகப் பி.டி.டி. என்றும் வழங்கப்படுகிறது.

நிரல் எழுதத் தெரியாதவரும் சோதனையைப் படித்து, அது சரியா தவறா என்று கூற இயல்வதே இம்முறையின் அடிப்படை நோக்கம். ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். ஆகிய இயங்குதளங்களுக்கான செயலிகளில் இதைக் கையாள்வது, வலைத்தளங்களில் கையாள்வதை விடக் கடினமானது. நகர்பேசியில் இணையத் தொடர்பு இடையில் அறுபடும், அழைப்பு குறுக்கிடும், நினைவகம் போதாதபோது இயங்குதளம் பின்னணியில் உள்ள செயலியை அறிவிப்பின்றி நிறுத்திவிடும். செயலியின் பிழைகளில் பல இத்தகைய சூழ்நிலைகளிலேயே மறைந்திருக்கின்றன.

தோற்றம்

நிரலை எழுதுவதற்கு முன்பே அதற்கான சோதனையை எழுதும் வழக்கம், கென்ட் பெக் முதலானோர் 1990களில் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையால் பரவியது. சோதனைவழி உருவாக்கம் எனப்படும் இவ்வழக்கத்தைக் கற்பித்து வந்த டான் நார்த் என்னும் நிரலாளர், கற்பவர்களிடம் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டார். எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, எதை விடுவது, சோதனைக்கு என்ன பெயர் இடுவது என்பனவே அவை. சோதனை என்னும் சொல்லே குழப்பத்துக்குக் காரணம் எனக் கருதிய அவர், அதற்குப் பதிலாக நடத்தை என்னும் சொல்லைக் கையாளத் தொடங்கினார். 2003ஆம் ஆண்டின் இறுதியில் ஜேபிஹேவ் என்னும் ஜாவா கருவியை உருவாக்க முற்பட்டார். 2004இல் கிறிஸ் மாட்ஸ் என்பவருடன் இணைந்து, முன்நிலை, நிகழ்வு, விளைவு என்னும் மூன்று பகுதிகளைக் கொண்ட வாக்கிய வடிவத்தை வகுத்தார். இம்முறையை விளக்கும் அவரது கட்டுரை 2006 மார்ச்சில் வெளிவந்தது.

அஸ்லக் ஹெல்சோய் 2008இல் ரூபி மொழியில் கியூகம்பர் என்னும் கருவியை உருவாக்கினார். இன்று ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் முதலிய மொழிகளிலும் அது கிடைக்கிறது. பைத்தான் மொழியில் பிஹேவ், பைடெஸ்ட்-பிடிடி ஆகியன அதே பணியைச் செய்கின்றன. டாட்நெட் தளத்தில் பரவலாக இருந்த ஸ்பெக்ஃப்ளோ 2024ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதன் வழிவந்த ரெக்ன்ரோல் அவ்விடத்தை நிரப்பியுள்ளது.

நகர்பேசிகளுக்கெனக் கியூகம்பரை இணைத்து 2012இல் வெளிவந்த கருவி கேலபாஷ். கியூகம்பர் என்றால் வெள்ளரி, கேலபாஷ் என்றால் சுரை. கியூகம்பர் படிக்கும் கெர்க்கின் மொழியின் பெயரோ ஊறுகாய்க்கு உதவும் சிறு வெள்ளரியைக் குறிப்பது. இத்துறையின் பெயர்கள் காய்கறிக் கடையை நினைவூட்டுவது தற்செயல் அன்று. கேலபாஷை உருவாக்கிய நிறுவனம் முதலில் சமாரின் கைக்கும், 2016இல் அதன் வழியே மைக்ரோசாப்ட் கைக்கும் சென்றது. 2017இல் அக்கருவிக்குத் தன் பங்களிப்பை நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. கேலபாஷை நம்பியிருந்த குழுக்களில் பல அதன் பின் அப்பியம் என்னும் கட்டற்ற கருவிக்கு மாறின. டான் குயெல்லார் தொடங்கி வைத்த அப்பியம், இப்போது ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையின் கீழ் உள்ளது.

கெர்க்கின் மொழி

கியூகம்பர் படிக்கும் கோப்புகள் கெர்க்கின் என்னும் எளிய மொழியில் எழுதப்படுகின்றன. இம்மொழியில் சில திறவுச்சொற்களே உள்ளன. எஞ்சியவை வெறும் வாக்கியங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இத்திறவுச்சொற்கள் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று. கோப்பின் முதல் வரியில் தமிழின் மொழிக்குறியீட்டைக் குறித்துவிட்டால், எஞ்சிய அனைத்தையும் தமிழிலேயே எழுதலாம்.

தமிழ்த் திறவுச்சொற்களில் ஒரு வசதிக்கு அம்சம் என்றும், ஒரு தனி எடுத்துக்காட்டுக்குக் காட்சி என்றும் பெயர். முன்நிலையைக் கூறும் வரி கொடுக்கப்பட்ட என்றும், நிகழ்வைக் கூறும் வரி எப்போது என்றும், விளைவைக் கூறும் வரி அப்பொழுது என்றும் தொடங்கும். ஒரே வகை வரிகள் தொடர்ந்து வருமானால் மற்றும், ஆனால் ஆகிய சொற்கள் பயன்படும். எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவான முன்நிலையைப் பின்னணி என்னும் தலைப்பின் கீழ் ஒரே முறை எழுதலாம்.

எடுத்துக்காட்டு: பணம் அனுப்பும் செயலி

பணம் அனுப்பும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குமரன் மலருக்கு 300 ரூபாய் அனுப்புகிறார். பொத்தானை அழுத்தியவுடன் தொடர்வண்டி ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது, இணையம் அறுபடுகிறது. திரையில் எந்த விடையும் இல்லை. சுரங்கத்தைக் கடந்ததும் அவர் மீண்டும் அழுத்துகிறார். மலருக்குச் சேர வேண்டியது 300 ரூபாயா, 600 ரூபாயா?

இக்கேள்வியை நிரல் எழுதுவதற்கு முன்பே எழுப்புவதற்காகத்தான் நடத்தைவழி முறையில் ஓர் உரையாடல் வலியுறுத்தப்படுகிறது. வணிகப் பொறுப்பாளர், நிரலாளர், சோதனையாளர் ஆகிய மூவர் கூடி எடுத்துக்காட்டுகளைப் பேசுகின்றனர். வணிகப் பொறுப்பாளர் பணம் ஒரு முறைதான் கழிய வேண்டும் என்பார். நிரலாளர், தொடர்பு எந்தத் திசையில் அறுந்தது என்று செயலிக்குத் தெரியாது என்பார். கோரிக்கை வங்கியை அடையாமலே போயிருக்கலாம். அல்லது வங்கி பணத்தை அனுப்பிவிட்ட பின் அதன் விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். நகர்பேசியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. சோதனையாளரோ, இடையில் செயலியே மூடப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார். ஒரு காட்சியாகத் தொடங்கியது மூன்றாகிவிடும். அவற்றுள் கடினமான ஒன்று பின்வருமாறு:

அம்சம்: பணம் அனுப்புதல்

காட்சி: வங்கியின் விடை வழியில் தொலைந்துபோதல்
கொடுக்கப்பட்ட குமரனின் கணக்கில் 1000 ரூபாய் உள்ளது
மற்றும் மலருக்கு 300 ரூபாய் அனுப்புமாறு குமரன் கோரியுள்ளார்
மற்றும் வங்கி பணத்தை அனுப்பிய பின், விடை வருமுன் தொடர்பு அறுந்துள்ளது
எப்போது தொடர்பு மீண்டதும் குமரன் அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறார்
அப்பொழுது குமரனின் கணக்கில் 700 ரூபாய் இருக்க வேண்டும்
மற்றும் பணம் சேர்ந்துவிட்டது என்று செயலி காட்ட வேண்டும்

இக்காட்சியில் பொத்தானின் பெயரோ, திரையின் அமைப்போ எங்கும் இல்லை. ஆயினும் இது நிரலின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. இதை நிறைவேற்ற, செயலி ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்த எண் ஒன்றை இட்டு, மறுமுறை அனுப்பும்போது அதே எண்ணை அனுப்ப வேண்டும். ஏற்கெனவே கண்ட எண்ணுடன் வரும் கோரிக்கையை வங்கியின் வழங்கி மீண்டும் நிறைவேற்றாமல், பழைய விடையையே திருப்பித் தர வேண்டும். சோதனையாளர் கேட்ட மூன்றாவது காட்சி இன்னொன்றையும் வெளிக்கொணர்கிறது. அவ்வெண்ணைச் செயலியின் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால், இயங்குதளம் செயலியை நிறுத்தும்போது அதுவும் அழிந்துவிடும். ஆகவே கோரிக்கையை அனுப்புவதற்கு முன்பே எண்ணை நகர்பேசியின் சேமிப்பில் எழுதிவிட வேண்டும்.

எல்லை மதிப்புகளைச் சோதிக்கக் காட்சிகளைத் திரும்ப எழுதத் தேவையில்லை. காட்சி சுருக்கம் என்னும் வடிவில் ஒரு முறை எழுதி, மதிப்புகளை அட்டவணையாகத் தரலாம்:

காட்சி சுருக்கம்: அனுப்பத்தக்க தொகை
கொடுக்கப்பட்ட குமரனின் கணக்கில் <இருப்பு> ரூபாய் உள்ளது
எப்போது அவர் மலருக்கு <தொகை> ரூபாய் அனுப்புமாறு கோருகிறார்
அப்பொழுது கோரிக்கை <முடிவு> வேண்டும்

எடுத்துக்காட்டுகள்:
| இருப்பு | தொகை | முடிவு |
| 1000 | 999 | ஏற்கப்பட |
| 1000 | 1000 | ஏற்கப்பட |
| 1000 | 1001 | மறுக்கப்பட |

வரிகள் சோதனையாவது எவ்வாறு

வாக்கியங்களைக் கணினி தானாகப் புரிந்துகொள்வதில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஈடான ஒரு செயற்கூற்றை நிரலாளர் எழுத வேண்டும். இது படி வரையறை எனப்படும். கியூகம்பர் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதனுடன் பொருந்தும் படி வரையறையைத் தேடி இயக்குகிறது. வரியில் உள்ள 300 போன்ற எண்களும் சொற்களும் அச்செயற்கூறுக்கு உள்ளீடுகளாகச் செல்லும். பொருந்தும் வரையறை இல்லையெனில், அவ்வரி வரையறுக்கப்படாதது என்று அறிவித்து, அதற்கான வெற்று நிரல் துண்டையும் கியூகம்பர் அச்சிட்டுத் தருகிறது. ஒரு வரி தோற்றால் அக்காட்சியின் எஞ்சிய வரிகள் இயக்கப்படாமல் விடப்படும்.

பொருத்தம் தேடும்போது திறவுச்சொல் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. கொடுக்கப்பட்ட என்பதன் பின் வந்தாலும், எப்போது என்பதன் பின் வந்தாலும், ஒரே வாக்கியம் ஒரே வரையறையைத்தான் அடையும். புதியவர்கள் பெரும்பாலும் இதை எதிர்பார்ப்பதில்லை.

படி வரையறைகள் திரையை நேரடியாகத் தொடாமல் இருப்பது நன்று. அவற்றுக்கும் செயலிக்கும் இடையே, ஒவ்வொரு திரைக்கும் ஒரு வகுப்பு என்னும் கணக்கில் ஓர் அடுக்கு அமைக்கப்படுகிறது. அனுப்பும் திரையில் பொத்தான் இடம் மாறினால், அத்திரைக்குரிய வகுப்பை மட்டும் திருத்தினால் போதும். காட்சிகளும் படிகளும் அப்படியே இருக்கும்.

அமைத்தல்

ஆண்ட்ராய்டு செயலியை அப்பியம் கொண்டு சோதிக்க, ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு, ஆண்ட்ராய்டு உருவாக்கக் கருவித்தொகுப்பு, நோட்ஜேஎஸ் ஆகியன கணினியில் இருக்க வேண்டும். அப்பியம் நோட்ஜேஎஸ் மேல் இயங்கும் ஒரு வழங்கி. சோதனை நிரல் அனுப்பும் கட்டளைகளை அது 4723 என்னும் வாயிலில் பெற்று, நகர்பேசியில் உள்ள துணைநிரலுக்குக் கடத்துகிறது. 2023இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு இயங்குதளத்துக்குமான இயக்கியைத் தனியே நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு யூஐஆட்டோமேட்டர்2 என்னும் இயக்கியும், ஐ.ஓ.எஸ். தளத்துக்கு எக்ஸ்சியூஐடெஸ்ட் என்னும் இயக்கியும் உள்ளன. இரண்டாவதற்கு மேக் கணினியும் எக்ஸ்கோடு மென்பொருளும் இன்றியமையாதவை.

கணினியிலேயே இயங்கும் போன்மியில் சோதனையைத் தொடங்குவது எளிது. மெய்யான ஆண்ட்ராய்டு நகர்பேசியைப் பயன்படுத்த விரும்பினால், அமைப்புகளில் உருவாக்க எண்ணை ஏழு முறை தட்டி உருவாக்குநர் விருப்பங்களைத் திறந்து, யூஎஸ்பி வழி வழுநீக்கத்தை இயக்க வேண்டும். அதே பக்கத்தில் உள்ள மூன்று அசைவூட்ட அளவுகளையும் அணைத்து வைப்பது நல்லது. திரைகள் நழுவி நழுவி வந்து சேரும் அழகு மனிதருக்கானது. சோதனைக்கு அது தடையே.

பின்னர், சோதனைத் திட்டத்தில் கியூகம்பரையும் அப்பியத்தின் நிரலகத்தையும் சேர்த்து, இயங்குதளத்தின் பெயர், இயக்கியின் பெயர், கருவியின் பெயர், செயலிக் கோப்பின் இருப்பிடம் ஆகிய நான்கையும் குறித்தால், முதல் அமர்வைத் தொடங்கிவிடலாம். அம்சக் கோப்புகள் ஃபீச்சர் என்னும் பின்னொட்டுடன் சேமிக்கப்படுகின்றன.

கடினமான பகுதி இதற்குப் பின்தான். வங்கி பணத்தை அனுப்பிய பின் விடை தொலைய வேண்டும் என்னும் முன்நிலையை எவ்வாறு உருவாக்குவது? நகர்பேசியை விமான நிலைக்கு மாற்றுவது போதாது. சரியான நொடியில் மாற்றுவது ஏறத்தாழ இயலாது. ஐ.ஓ.எஸ். போன்மியோ மேக் கணினியின் இணையத்தையே பகிர்ந்துகொள்வதால், அங்கு அதைத் தனியே துண்டிக்கவும் வழியில்லை. நம்பத்தக்க வழி, உண்மையான வழங்கிக்குப் பதிலாகச் சோதனைக்கென ஒரு போலி வழங்கியை வைப்பதாகும். அது கோரிக்கையைப் பெற்றுக் கணக்கில் பதிந்துகொண்டு, விடை தராமல் தொடர்பை முறித்துக்கொள்ளும்.

கணக்கில் 1000 ரூபாய் உள்ளது என்பதையும் திரை வழியாகச் செய்யக் கூடாது. அத்தொகையை வழங்கியின் தரவில் நேரடியாக எழுதுவதே விரைவானது. ஒவ்வொரு காட்சியும் தூய தொடக்க நிலையில் இருந்து தொடங்க வேண்டும். முந்தைய காட்சி விட்டுச்சென்ற 700 ரூபாயை அடுத்த காட்சி நம்பியிருக்குமானால், வரிசை மாறிய அன்று இரண்டும் குழம்பும்.

பொத்தான்களை எழுதுவதால் வரும் கேடு

நகர்பேசிச் சோதனைகளில் மிகப் பரவலான குறை, காட்சிகளைக் கைவிரல் அசைவுகளின் பட்டியலாக எழுதுவதாகும்:

எப்போது பயனர் "பெயர்" கட்டத்தில் "குமரன்" என்று உள்ளிடுகிறார்
மற்றும் "உள்நுழை" பொத்தானை அழுத்துகிறார்
மற்றும் 5 நொடிகள் காத்திருக்கிறார்
மற்றும் திரையை மேல்நோக்கித் தள்ளுகிறார்
மற்றும் மூன்றாவது படத்தைத் தட்டுகிறார்

இதில் குமரன் என்ன செய்ய விரும்பினார் என்பதே இல்லை. கைரேகை கொண்டு உள்நுழையும் வசதி சேர்க்கப்பட்டால், உள்நுழைவைத் தொடும் எல்லாக் காட்சிகளும் ஒரே நாளில் உடையும். வணிகப் பொறுப்பாளர் இதை ஒரு முறை படிப்பார்; மறுமுறை படிக்க மாட்டார். அவர் படிப்பதை நிறுத்திய பின், இயல்பான மொழியில் எழுதுவதற்கான காரணமும் போய்விடுகிறது. திரையே இல்லாமல் குரல் வழி இயங்கும் செயலிக்கும் இக்காட்சி பொருந்துமா என்று கேட்டுப் பார்ப்பது, நடத்தையையும் கைவிரல் அசைவையும் பிரித்தறிய ஓர் எளிய வழி.

நிலையற்ற சோதனைகள்

நிரலில் எந்த மாற்றமும் இல்லாதபோதே ஒரு முறை வென்று மறுமுறை தோற்கும் சோதனை நிலையற்ற சோதனை எனப்படுகிறது. கூகுள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கு இயக்கப்பட்ட சோதனை ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இத்தகைய முடிவைத் தந்தன. சோதனைகளை எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஏதேனும் ஓரளவு நிலையின்மை காணப்பட்டது. பொய்யாகத் தோற்கும் சோதனையைக் குழுவினர் நாளடைவில் பொருட்படுத்துவதில்லை. பிறகு அது மெய்யாகத் தோற்கும் நாளிலும் பொருட்படுத்த மாட்டார்கள்.

மேலே கண்ட 5 நொடிக் காத்திருப்பு இதற்கு ஒரு முதன்மைக் காரணம். மெதுவான கருவியில் 5 நொடி போதாது. விரைவான கருவியில் அது வீண். இத்தனை நொடி என்று குறிக்காமல், குறித்த பொருள் திரையில் தோன்றும் வரை, ஓர் உச்ச வரம்புக்குள் காத்திருக்குமாறு எழுத வேண்டும். திரையில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் முறையும் முக்கியமானது. எக்ஸ்பாத் எனப்படும் பாதைக் குறிப்புகள் திரையின் உள்ளமைப்பைச் சார்ந்தவை, ஐ.ஓ.எஸ். தளத்தில் மிக மெதுவானவையும் கூட. அணுக்க அடையாளம் எனப்படும் பெயரை ஒவ்வொரு பொத்தானுக்கும் செயலியின் நிரலிலேயே இட்டுவிட்டால், இரு தளங்களிலும் ஒரே பெயரால் அதைத் தேடலாம். ஆண்ட்ராய்டில் இதே பெயரைத்தான் பார்வையற்றோருக்கான திரைபடிப்பான் வாய்விட்டுப் படிக்கிறது. எனவே அங்கு, சோதனையாளருக்கு மட்டும் விளங்கும் குறியீட்டை இடாமல், கேட்பவருக்குப் பொருள்படும் சொல்லை இட வேண்டும்.

தமிழில் எழுதும்போது

தமிழ்த் திறவுச்சொற்கள் ஆங்கிலச் சொற்களின் நேர் மொழிபெயர்ப்புகள். கொடுக்கப்பட்ட என்பது பெயரெச்சம். அடுத்து ஒரு பெயரை எதிர்பார்ப்பது. எப்போது என்பது வினாச்சொல். இவற்றை வாக்கியத்தின் தலையில் வைத்துப் படிக்கும்போது தமிழ் நடை இடறுகிறது. கால, நிபந்தனைப் பொருளைத் தமிழ் வினையின் இறுதியில் வைக்கிறது. கெர்க்கினோ வரியின் முதலில் கேட்கிறது. இதைத் தவிர்க்க விரும்புவோர், படிகளைத் தொடங்கும் திறவுச்சொற்களுக்கு ஈடாகக் கெர்க்கின் ஏற்கும் உடுக்குறியை வரியின் முதலில் இடலாம். ஆனால் முன்நிலை, நிகழ்வு, விளைவு ஆகியவற்றின் வேறுபாடு அப்போது கண்ணுக்குத் தெரியாது. திறவுச்சொற்களின் பட்டியல் திறந்த மூலக் கோப்பு என்பதால், மேலான சொற்களை எவரும் முன்மொழியலாம்.

இன்னொரு சிக்கல் ஒருங்குறியில் உள்ளது. கொ என்னும் எழுத்தை, ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்து இரு குறியெண்களாகவும், ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்று குறியெண்களாகவும் சேமிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. அம்சக் கோப்பை எழுதியவரின் விசைப்பலகை ஒரு வகையிலும், நிரலாளரின் விசைப்பலகை மறு வகையிலும் எழுதினால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரி வரையறுக்கப்படாதது என்று அறிவிக்கப்படும். கோப்புகளைச் சேமிக்குமுன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்வது இதற்குத் தீர்வு. அதுபோலவே, சுருங்குறித்தொடர்களில் எழுத்து என்பதைக் குறிக்கும் வகை, பல நிரல்மொழிகளில் தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அதை நம்பி எழுதிய வரையறை, குமரன் என்னும் பெயரில் ககரத்தோடு நின்றுவிடும். வெற்றிடம் அல்லாத எதுவும் என்று எழுதுவது பாதுகாப்பானது.

வரம்புகள்

அம்சக் கோப்புகளை நிரலாளர்கள் மட்டுமே எழுதி, நிரலாளர்கள் மட்டுமே படிக்கும் குழுவில் கெர்க்கின் ஒரு கூடுதல் சுமை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரையறை எழுதிப் பேண வேண்டியிருப்பதால், கூகுளின் எஸ்பிரெஸ்ஸோ, ஆப்பிளின் எக்ஸ்சியூஐடெஸ்ட் போன்ற கருவிகளை நேரடியாகப் பயன்படுத்துவதே அத்தகைய குழுவுக்கு மலிவானது.

எல்லாக் காட்சிகளையும் நகர்பேசித் திரை வழியாக இயக்குவதும் தேவையற்றது. ஒரு காட்சிக்குச் செயலியை நிறுவித் திறந்து மூடவே பல நொடிகள் ஆகும். காட்சிகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் முடிவுக்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரும். தொகை அட்டவணை போன்றவற்றைத் திரையின்றி, செயலியின் உட்கூறுகள் மீது நேரடியாக இயக்கலாம். அம்சக் கோப்பு மாறாது. படி வரையறைகள் மட்டும் மாறும். போலி வழங்கி பழைய விடையைத் திருப்பித் தருவதால், உண்மையான வங்கி வழங்கியும் அவ்வாறே செய்யும் என்று ஆகிவிடாது. 300 ரூபாய் இரு முறை கழியாது என்பதை அவ்வழங்கியின் மீதும் தனியே சோதித்தாக வேண்டும்.